போர்வை போட்ட ஜன்னல்

அந்தத் தெருவில் கொடியில் காயும் துணியை எடுப்பதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். "எடுக்கப்போறேன்" என்று மாடியிலிருந்து ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் பொறுத்துத்தான் துணியில் கைவைக்கலாம். கீழே யாராவது ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தத் துணியைத்தான் வரைந்துகொண்டிருப்பார்கள். "அக்கா, அந்த மஞ்சளை மட்டும் விட்டுடுங்க" என்று பதில் வரும். மஞ்சள் துண்டு தனியாகக் கொடியில் ஆடும். அதற்கு உரியவர் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்பார். படகை நகர்த்துவதற்கும், கதவுக்கு வேறு வர்ணம் அடிப்பதற்கும், வாசலில் தூங்கும் நாயை எழுப்புவதற்கும்கூட இதே சட்டம்தான். யாரும் எழுதிவைத்ததில்லை. ஓவியர்கள் வந்து நிறைந்துவிட்ட கடலோர ஊரில் குடித்தனம் நடத்துகிறவர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது.

சட்டம் பிறந்தது மாடிவீட்டக்காவின் வீட்டில்தான்.

அவள் கல்யாணமாகி வந்தபோது ஊரில் ஓவியர் என்று யாரும் கிடையாது. கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஒருவர் இருந்தார். அவரும் மாலையில் எழுதினால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும். மற்றபடி படகு, வலை, மீன், ஐஸ். அவள் புருஷன் ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் ஓட்டினார். கடலைப் பார்த்த தெருவில் வீடு. கீழே ஒரு கடை, மேலே இரண்டு அறை, நடுவில் சமையலறை. முன்னறையின் ஜன்னலைத் திறந்தால் கடல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். பின்னறையின் ஜன்னலைத் திறந்தால் ஒரு சந்து, சந்துக்கு அப்பால் அடுத்த வீட்டின் வெள்ளைச் சுவர். முன்னறையில்தான் புதுப்பெண் குடியேறினாள். காலையில் கண்ணைத் திறந்ததும் தண்ணீர். படுத்தபடியே படகுகளை எண்ணிவிட்டு எழுந்து அடுப்பு மூட்டுவாள்.

பிறகு பெரிய படகுகள் வேறு துறைமுகத்துக்குப் போயின. இங்கே மண் சேர்ந்து ஆழம் போதவில்லை என்றார்கள். படகு போனதும் ஐஸ் எதற்கு? ஃபேக்டரியை மூடினார்கள். மீன் ஏலம் விட்ட கொட்டகை, வலை கட்டிய கிடங்கு, படகுக்குப் பாய் தைத்த மாடி எல்லாம் காலியாகக் கிடந்தன. ஐஸ்காரர் வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளையைவிடச் சத்தமான பொருள் ஒரு வீட்டில் இல்லை. அதுவும் இவர் மெஷின் பக்கத்தில் நின்று நின்று காது மந்தமாகி, 'உப்பு குறைவு' என்பதைக்கூட அடுத்த தெருவுக்கு அறிவிக்கிறவர்.

அப்போதுதான் கிராப்பு வெட்டிய ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, முன்னறையை ஒரு மாதத்துக்குத் தரமுடியுமா என்று கேட்டாள்.

"என்ன வேலை பண்றம்மா?" என்றாள் மாடிவீட்டக்கா.

"படம் வரைவேன்."

"அது சரி. வேலை?"

அந்தப் பெண் சிரித்தாள். முன்பணத்தை எடுத்து நீட்டினாள். ஒரு மாதம்தானே என்று கட்டிலைப் பின்னறைக்கு இழுத்துப் போட்டார்கள். ஒரு மாதம் நான்கு வருஷமாயிற்று. மூன்றாம் நாளே, கொடியில் கிடந்த சிவப்புப் போர்வையை எடுக்கப் போன அக்காவைக் கையைப் பிடித்துத் தடுத்து, படம் முடிகிறவரை அது அங்கேயே இருக்கட்டும் என்று கெஞ்சினாள். முடிய மூன்று நாள். ஐஸ்காரர் மூன்று இரவும் போர்வையில்லாமல் குளிரில் சுருண்டு கிடந்தார். "இருபது வருஷம் ஐஸ்ல நின்னேன், அப்பல்லாம் நடுங்கல. ஒரு படத்துக்காக நடுங்கறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்பினார். அதிலிருந்துதான் கேட்டு எடுக்கிற பழக்கம் வந்தது.

அவள் சொல்லி அவள் சிநேகிதர்கள் வந்தார்கள். வாடகை மலிவு, கூரை உயரம், கதவு அகலம், வெளியே இறங்கினால் கடல். வேறென்ன வேண்டும்? வலைக் கிடங்கில் சிற்பி ஒருவர் புகுந்தார். பாய் தைத்த மாடியில் மூன்று பேர் சேர்ந்து பானை செய்தார்கள். ஏலக் கொட்டகையில் படங்களை மாட்டினார்கள். கொஞ்ச காலம் படம் பார்க்கப் போனவர்கள் மீன் வாசனையோடு திரும்பினார்கள். "வேலை வெட்டி இல்லாத கூட்டம்" என்று முதலில் சொன்ன ஊர், அவர்கள் டீயும் பாலும் சோப்பும் வாங்குவதைப் பார்த்ததும் "வரைஞ்சு பொழைக்கிறவங்க" என்று மாற்றிக்கொண்டது. மாடிவீட்டக்காவின் நாத்தனார், ஐஸ்காரரின் தங்கை, கீழே இருந்த தூண்டில் கடையை மெல்ல மெல்ல வர்ணக் கடையாக்கினாள். முன்பு புழு விற்ற கையால் இப்போது ட்யூப் விற்றாள். வாயில் மாற்றம் ஒன்றும் இல்லை.

முன்னறை மட்டும் அக்காவுக்குத் திரும்பவில்லை. சைக்கிள்காரி போனபின் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். இருவரும் ஓவியர்கள், ஒரே கடலை வரைந்துவிட்டு யாருடையது கடல் என்று சண்டை போடுவார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்தான் பாதிப்படம். நல்ல மனுஷர். வாடகை தவறாது, குரல் உயராது. எந்தப் படத்தையும் முடித்தது மட்டும் கிடையாது. அதனால் தெரு வைத்த பெயர் அது. பத்து வருஷத்துக்கு மேலாக அந்த அறையில் இருக்கிறார். வந்த முதல் மாதமே கடல் ஜன்னலில் ஒரு கனமான போர்வையை ஆணியடித்து மாட்டிவிட்டார்.

அக்கா அறையைப் பெருக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். வருஷத்துக்கு இரண்டு தடவை அதைக் கழற்றித் துவைத்து, காயவைத்து, தானே திரும்ப மாட்டியும் இருக்கிறாள். கடலுக்காக இந்த அறையைப் பிடித்துவிட்டுக் கடலை ஏன் மூட வேண்டும் என்று தோன்றும். கேட்கமாட்டாள். ஓவியர்களிடம் 'ஏன்' என்று கேட்டால் அரை நாள் போய்விடும் என்பது அந்தத் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும்.

இப்படியே ஓடியிருக்கும். மகள்தான் ஒரு நாள் போனில் ஆரம்பித்தாள். அவள் பெரிய நகரத்தில், ஏழாவது மாடியில் இருக்கிறாள்.

"இங்க வந்துடுங்கம்மா ரெண்டு பேரும். தனி ரூம் இருக்கு. லிஃப்ட் இருக்கு."

"கடலை விட்டுட்டு எப்படிடி வர்றது?"

"எந்தக் கடல்? உன் ஜன்னலைத் திறந்தா என்ன தெரியுது, சொல்லு பாப்போம்."

அக்கா பின்னறையில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"சுவர்" என்றாள் மகளே. "அந்தச் சுவர் இங்கயும் இருக்கும்மா. இங்க சுவர்ல ஏ.சி. வேற இருக்கு."

போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு காதிலேயே இருந்தது. உண்மை சுட்டால் கொப்புளம் ஆற நாளாகும். எங்கெங்கிருந்தோ யார் யாரோ வந்து இந்தக் கடலுக்காகக் குடியிருக்கிறார்கள். விடுமுறையில் வருகிறவர்கள் தெருவை நிறுத்தி வைத்துப் படம் எடுக்கிறார்கள். சொந்த வீட்டில் இருக்கிறவள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்க வேண்டியிருக்கிறது. முழங்கால் இப்போதெல்லாம் அந்தப் படியை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது.

ஒரு வாரம் யோசித்தாள். பிறகு முடிவுக்கு வந்தாள். முன்னறை கிடைத்தால் இங்கேயே இருப்பது. கிடைக்காவிட்டால் மகள் வீட்டுச் சுவருக்கே போய்விடுவது. பாதிப்படத்திடம் பக்குவமாகப் பேசி வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டும். பின்னறையை ஏதாவது பள்ளிக்கூட டீச்சருக்கு விடலாம். ஒரு ஓவியரைக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்த அறை இருக்கிறது வருகிறாயா என்று கேட்பது அவரை அடித்து விரட்டுவதற்குச் சமம் என்று நினைத்தாள்.

கணவரிடம் காதும் காதும் வைத்த மாதிரி சொன்னாள். அந்தக் காது ஐஸ் ஃபேக்டரிக் காது என்பதை மறந்துவிட்டாள்.

"என்ன?" என்றார் ஐஸ்காரர்.

"முன் ரூமை நாம எடுத்துக்கலாம்னு..."

"யாரை?"

"மெதுவா பேசுங்க. தம்பிகிட்ட நான் நேரம் பாத்துச் சொல்றேன்."

"பாதிப்படத்தைக் காலி பண்ணச் சொல்லப்போறியா?" என்று அவர் நிதானமாக, தன் வழக்கமான குரலில் கேட்டார். எதிர் வீட்டுக் கூரையிலிருந்து காக்கை பறந்தது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியாது என்பார்கள். ஊர்வாய்க்கு விஷயம் சப்ளை செய்கிற வாய் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? அவள் பால் வாங்கக் கீழே இறங்குவதற்குள் சட்டம் போடுகிற கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதாவது படங்களுக்கு மரச்சட்டம் போடுகிறவர். சுத்தியலைக் கையில் வைத்தபடியே வெளியே வந்தார்.

"ஏம்மா, அந்த மனுஷனைப் போய்... பத்து வருஷத்துல ஒரு படம் முடிச்சிருந்தா நான் ஒரு ஃபிரேம் பண்ணியிருப்பேன், அதுகூட இல்ல. இருந்தாலும் நல்லவரு."

"நான் என்ன தெருவிலயா தள்றேன்?" என்றாள் அக்கா.

பானை செய்கிற பெண் வந்து, ஓவியரைக் காலி செய்யச் சொன்னால் இந்தத் தெருவுக்கு என்ன பெயர் மிஞ்சும் என்றாள். சிற்பி முறைத்தார். பார்த்த பார்வையே ஒரு சிலைக்கு ஆகும். வர்ணக் கடையில் நாத்தனார் மட்டும் வேறு பக்கம் பேசினாள்.

"நல்லா சொன்னீங்க அண்ணி. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையா இல்ல இருக்கு. உங்க வீடு, உங்க ஜன்னல். ஆனா ஒண்ணு. அவர் போயிட்டார்னா வெள்ளை ட்யூபை யார் வாங்குவா? மாசத்துக்கு ஒரு டஜன் தீர்க்கிறது அவர் ஒருத்தர்தான்."

"நீ என் பக்கமா, அவர் பக்கமா?"

"நான் கடைப் பக்கம்."

அன்று முழுக்கப் பாதிப்படம் கதவைத் திறக்கவில்லை. வழக்கமாகக் காலையில் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார், கிறுக்கிக்கொண்டு திரும்புவார், பிறகு போர்வை போட்ட அறைக்குள் புகுந்துவிடுவார். அன்று கரைக்கும் போகவில்லை. உள்ளே பொருள்களை இழுக்கிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு அடுப்பில் மனம் நிற்கவில்லை. சோறு குழைந்தது. தன் வீட்டில் தன் அறையைக் கேட்பதற்குத் தானே குற்றவாளி மாதிரி நிற்கிறோமே என்று கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு, அவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும், மகள் பிரசவத்துக்கு அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்து, கோபமும் குழைந்தது.

சாயங்காலம் அவரே சமையலறை வாசலில் வந்து நின்றார். விரல்களில் வழக்கம்போல வெள்ளை.

"அக்கா, நீங்க சொல்றதுக்குள்ள அண்ணன் சொல்லிட்டார்."

"அவர் சொன்னது ரெண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும் தம்பி. நான் இப்படிச் சொல்லணும்னு நினைக்கல. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "சாமானெல்லாம் கட்டிட்டேன்" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "இன்னிக்கேவா போகச் சொன்னேன்? இடம் கிடைக்கிற வரைக்கும் இருங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம்..."

"இடம் இருக்கு. அதைப் பத்தித்தான் கேக்கணும்." அவர் பின்னறைப் பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "கேக்கக் கூச்சமா இருக்கு. பத்து வருஷமா கேக்கலாமா கேக்கலாமான்னுதான் இருக்கேன்."

"எதை?"

"உங்க ரூமை."

மாடிவீட்டக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் குடிவந்த புதுசுல ஒரு நாள் நீங்க அந்தக் கதவைத் திறந்து வச்சுத் துணி மடிச்சுட்டு இருந்தீங்க" என்றார் பாதிப்படம். "எதிர்ச் சுவர்ல பட்டு வெளிச்சம் உள்ள வந்துது பாருங்க, அப்படியே பால் மாதிரி. காலையிலயும் அதே, சாயங்காலமும் அதே. என் ரூம்ல காலையில கண்ணைக் கூசும், மத்தியானம் இருட்டும், சாயங்காலம் வேற நிறம். ஆரம்பிச்ச படம் மதியத்துக்குள்ள வேற படமா ஆயிடும். அதனாலதான் போர்வையைப் போட்டு, விளக்கைப் போட்டு... பாதியோட நிக்குது."

"அப்ப கடல்?"

"கடல் வேணும்னா படியிறங்கினா இருக்கு. வெளிச்சத்துக்கு எங்க போறது?"

"இதை முன்னாடியே கேட்டா என்ன?"

"வீட்டுக்காரங்க படுக்கிற ரூமைக் குடித்தனக்காரன் எப்படிக்கா கேக்கிறது? கடலைப் பாத்த ரூமை எனக்குக் குடுத்துட்டு, நீங்க ரெண்டு பேரும் சுவரைப் பாத்துப் படுத்திருக்கீங்க. அதுக்கு மேல அந்த ரூமும் வேணும்னா, ஆளை என்னன்னு நினைப்பீங்க?"

அக்கா திரும்பி அடுப்பைத் தணித்தாள். தான் அந்தப் போர்வையை எத்தனை தடவை துவைத்து, முக்காலி போட்டு ஏறி, ஆணியில் மாட்டியிருக்கிறோம் என்று யோசித்தாள். முழங்கால் வலிக்கு யாரைக் கேட்பது?

"அப்ப சாமானைக் கட்டினது?"

"பின் ரூமுக்குத்தான். நீங்க சரின்னா."

"நான் மாட்டேன்னா?"

"அவுத்துடுவேன்" என்றார்.

வராந்தாவிலிருந்து ஐஸ்காரர், "என்ன முடிவாச்சு?" என்று கேட்டார். அதற்குப் பதில் கீழே வர்ணக் கடையிலிருந்து வந்தது. "ரெண்டு பேரும் ரூம் மாத்திக்கிறாங்கண்ணே. வெள்ளை ட்யூப் பொழைச்சுது."

மறுநாள் தெருவே வந்து கட்டிலைத் தூக்கியது. நேற்று முறைத்த சிற்பி அலமாரியைத் தனியாளாக முதுகில் ஏற்றினார். பானைக்காரி பெருக்கினாள். சட்டக்கடைக்காரர் போர்வையின் ஆணிகளைப் பிடுங்கினார். போர்வை விழுந்ததும் கடல் உள்ளே வந்து, முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது. கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. அக்கா அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. முதல் காலையிலேயே சூரியன் நேராக ஐஸ்காரரின் முகத்தில் அடித்தது.

"என்ன இது, யாரோ டார்ச் அடிக்கிறான்."

"சூரியன். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்."

"ஒரு போர்வையைப் போட்டு மூடேன்."

"உங்க மூஞ்சிக்குப் போடுங்க" என்றாள். அவர் அப்படியே செய்தார். அன்று முதல் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். ஜன்னலைத் திறந்தால் துணியெல்லாம் பிசுபிசுக்கிறது, கடற்காக்கைகள் விடிவதற்கு முன்னே பஞ்சாயத்து கூட்டுகின்றன, அலமாரிப் பூட்டு துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. புதுப்பெண்ணாக இருந்தபோது இதெல்லாம் இருந்ததா என்று யோசித்தாள். இருந்திருக்கும். அப்போது வேறு கவனம்.

பாதிப்படமும் இன்னும் எதையும் முடிக்கவில்லை. "வெளிச்சம் சரியாயிடுச்சு. இப்ப படம் சரியில்லையாம்" என்கிறாள் நாத்தனார். ஆனால் அவர் பகலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். சில நேரம் விசிலடிக்கிறார். கடலைத்தான் வரைகிறார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அக்கா ஏன் என்று கேட்கவில்லை.

மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, போனோடு முன்னறை ஜன்னலில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க? அப்பாவுக்கு டிக்கெட் போடவா?"

"வேணாம். நாங்க வரல."

"ஏன், திரும்பவும் கடலா?"

"திரும்பவும் இல்ல. இப்பத்தான்." அக்கா வெளியே பார்த்தாள். "ஏழு படகு நிக்குது. ஒண்ணுல ஒருத்தன் தூங்கறான். தண்ணி இன்னிக்கு ஒரு மாதிரி பச்சையா இருக்கு. நீ லீவுக்கு வா. கட்டில்ல நீ படு, அப்பாவை வராந்தாவுக்கு அனுப்பிடறேன்."

மகள், "அந்தத் தூங்கறவன் எழுந்துட்டானா?" என்று கேட்டாள்.

கீழே படம் வரையப் புதிதாக வந்த ஒரு பெண் ஸ்டூலிலிருந்து தலையைத் தூக்கினாள். "அக்கா, அந்தக் கையை அப்படியே ஜன்னல்ல வச்சிருங்க. கொஞ்ச நேரம்தான்."

அக்கா கையைப் பார்த்தாள். நினைவு பால் பக்கம் போனது. "எழுந்திருக்கப்போறேன்" என்று குரல் கொடுத்தாள், சட்டப்படி.

"கொஞ்ச நேரம்தான் அக்கா."

உள்ளே பால் பொங்குகிற வாசனை வந்தது. ஐஸ்காரர் துண்டுக்கடியில் நிம்மதியாக இருந்தார். அக்கா ஒரு கணம் பாலையும் கடலையும் நிறுத்துப் பார்த்தாள். அதற்குள் சமையலறையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"இறக்கிட்டேன்க்கா, நீங்க இருங்க" என்றார் பாதிப்படம். "பாதிதான் வழிஞ்சுது."